எம்ஜிபியா டிஆர்4-ஆ? சேர்த்து வைக்கவும் வேண்டும், ஹிஸ்டாரிக் ராலியிலும் ஓட்ட வேண்டும்

மிட்லண்ட்ஸ்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது இங்கிலாந்தில், பர்மிங்ஹாமுக்குக் கிழக்கே. 1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. இப்போதுதான் கையில் காசும், வீட்டோடு ஒட்டி ஒழுகாத கராஜும் சேர்ந்து அமைந்திருக்கின்றன. பட்ஜெட் 20,000 பவுண்டு, வாங்கிய பிறகு வரும் வேலைக்கும் இதிலேயே ஒதுக்கியாக வேண்டும்.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, காலம் போகப் போக மதிப்பு இறங்காத, ஒரிஜினலான வண்டி. இரண்டு, அதைத் துணி போட்டு மூடி வைக்காமல் ஹிஸ்டாரிக் ராலிகளில் ஓட்ட வேண்டும். வேகப் பந்தயம் இல்லை, பொதுச் சாலையில் கொடுத்த சராசரி வேகத்தை விநாடிக் கணக்கில் காப்பாற்றும் ரெகுலாரிட்டி வகைதான். நான் ஓட்டுவேன், மனைவி மேப் பார்ப்பாள். என்றாவது ஒரு நாள் லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஜான் ஓ'க்ரோட்ஸ் வரை போகும் அந்த டிசம்பர் மாத லெஜாக் ராலியை முடித்துவிட வேண்டும் என்று இருவருக்குமே ஆசை.

ஆஸ்டின் ஹீலி 3000 என்றால் எனக்கு உயிர், ஆனால் விலை கைக்கு எட்டாது. இப்போது கண்ணில் பட்டிருப்பவை இரண்டு. ஒன்று ட்ரையம்ஃப் கம்பெனியின் டிஆர்4, என்ஜின் நம்பர் முதற்கொண்டு எல்லாம் ஒரிஜினல் என்கிறார்கள், விலை பட்ஜெட்டின் விளிம்பில் நிற்கிறது. இன்னொன்று ஏற்கெனவே ராலிக்காகத் தயார் செய்த, எம்ஜி கம்பெனியின் எம்ஜிபி: ரோல் கேஜ் (வண்டி புரண்டால் காக்கும் இரும்புக் குழாய்க் கூடு), முன்னால் நாலு விளக்கு, பக்கெட் சீட் எல்லாம் போட்டிருக்கிறார்கள், விலை நல்ல குறைவு. எதை எடுக்கலாம்? ஒரிஜினலை எடுத்து ராலியில் ஓட்டினால் மதிப்பு போய்விடுமா? ஏற்கெனவே மாற்றியதை எடுத்தால் சேர்த்து வைப்பதற்கு அர்த்தம் உண்டா?

பழைய இரும்பு:

தம்பி, இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எதிலும் பாடியைப் பற்றி ஒரு வரி இல்லை. லண்டனில் பல காலம் இந்த வண்டிகளுக்கு வெல்டிங் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என்ஜின் நம்பர், விளக்கு, சீட் எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் தரையில் படுத்து அடியைப் பாருங்கள்.

எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. 1962இல் வந்தபோதே பாடியே சேஸ் என்ற முறையில்தான் செய்தார்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற சில் இருக்கிறதே, அது வெளியே ஒரு தகடு, நடுவில் ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு என்று பெட்டி மாதிரி அமைந்தது. கூரை இல்லாத ரோட்ஸ்டரில் வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்குவது அதுதான். அந்த மூன்றில் நடுத் தகடு துருப்பிடித்துப் போயிருந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை மூடி வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தி வைப்பார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு, கதவின் பின்விளிம்புக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ் வரை வடிவாகப் பாருங்கள். ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு வண்டிக்குரிய இடத்தில் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பும் மட்டும் தூக்கி, அதே இடைவெளியை மறுபடி பாருங்கள். அளவு மாறியிருந்தால், அல்லது முன்பு இலகுவாகத் திறந்த கதவு இப்போது இழுபட்டால், வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கி தூக்கும்போது தகடு நொறுங்கும் சத்தம் கேட்டால் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுங்கள். விற்பவர் ஜாக்கி போட விடமாட்டேன் என்றாலும் அதே முடிவுதான்.

சில் மாற்றுவதை முறையாகச் செய்தால் பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும், ஏனெனில் சில் அதற்குள்ளும் போகிறது. ஆகவே வேலை செய்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். பில்லை மட்டும் காட்டினால் போதாது.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், எம்ஜிபி என்ஜினைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு கணக்குக்குள் அடங்கும், பாடிச் செலவு அடங்காது. இரும்புக் கூரை போட்ட ஜிடி மாடலையும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் கட்டிய வண்டி, எல்லாப் பாகமும் புதிதாகக் கிடைக்கும். 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே முழு பாடியையும் புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள், அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் முழு பாடி மாற்றும் செலவில் இன்னொரு நல்ல எம்ஜிபியே வாங்கிவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வரைபடக்காரி:

நான் நேவிகேட்டர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். கேள்வி முழுக்க ஓட்டுபவரின் கண்ணோட்டத்திலேயே இருக்கிறது, ரெகுலாரிட்டியில் பாதி வேலை இடப்பக்கத்துச் சீட்டில் நடக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. இங்கே பொதுச் சாலையில் கொடுக்கும் சராசரி வேகம் மணிக்கு 30 மைலுக்கு மேல் போகாது. 30 என்றால் ஒரு மைலுக்குச் சரியாக 120 விநாடி, 24 என்றால் 150 விநாடி. கேட்பதற்கு ஆமை வேகமாகத் தெரியும். ஆனால் ஒரு கார் மட்டுமே போகிற வெல்ஷ் மலைப்பாதையில், இரவில், மழையில், கொண்டை ஊசி வளைவுகளோடும் மாட்டுப்பண்ணைக் கேட்டுகளோடும் 28 மைல் சராசரியை விநாடி பிசகாமல் காப்பாற்றிப் பாருங்கள். எங்கே நேரம் எடுப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஒரு வளைவு தாண்டியதும் வேலியோரம் மார்ஷல் கடிகாரத்தோடு நிற்பார். முந்தி வந்தாலும் தண்டனை, பிந்தி வந்தாலும் தண்டனை.

இதில் காரின் குதிரைசக்தி கொஞ்சம்தான் உதவும். ஓடிய தூரத்தை அளக்கும் டிரிப்மீட்டர் சரியாக இருப்பது அதைவிட முக்கியம். 1 சதவீதம் பிழை என்று வையுங்கள், 10 மைல் முடிவில் 0.1 மைல் தவறு, 30 மைல் வேகத்தில் அது 12 விநாடி. மற்ற ஜோடிகள் ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று அடித்துக்கொள்கிற இடத்தில் 12 விநாடி போனால் அந்தப் பிரிவு கதை முடிந்தது. அதனால்தான் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் அளந்த தூரம் ஒன்றைக் கொடுப்பார்கள், அதை ஓட்டி மீட்டரைத் திருத்திக்கொள்ள வேண்டும். டயரைப் புதிதாக மாற்றினாலோ காற்றைக் கூட்டிக் குறைத்தாலோ மறுபடி அளக்க வேண்டும். அந்தக் காலத்து ஹால்டா மீட்டரில் இதற்கென்றே சின்னச் சின்னப் பல்சக்கரங்களைக் கழற்றி மாட்டுவார்கள், இன்றைக்கும் அதை வைத்தே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல போட்டிகளில் ஜிபிஎஸ் கூடவே கூடாது.

ஆகவே கார் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். அவர் இடப்பக்கம் உட்கார்ந்து, மடியில் மேப் போர்டை வைத்து, பெல்ட் போட்டு, நாலு வளைவு போய்ப் பார்க்கட்டும். கால் ஊன்ற இடம் இருக்கிறதா, போர்டு கியர் லீவரில் இடிக்கிறதா, துணிக் கூரை வழியாகத் தண்ணீர் சொட்டி மேப் நனைகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். டிசம்பர் மாதம் ஸ்காட்லாந்தில் இரவு இரண்டு மணிக்கு விரல் விறைத்துப் போனால் பென்சில் பிடிக்க முடியாது. அதனால் என் ஓட்டு எம்ஜிபி ஜிடிக்கு. இரும்புக் கூரை, ஹீட்டர் வேலை செய்யும், பின்பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டெப்னியும் டூல்ஸும் மாற்றுத்துணியும் வைக்க இடம். இன்னொன்று, ரோட்ஸ்டரை விட ஜிடி பொதுவாக விலை குறைவு. ராலிக்குப் பொருத்தமானதே மலிவாகக் கிடைக்கிறது என்றால் விடலாமா?

பெருங்களத்தூரான்:

எம்ஜிபியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், டிஆருக்காக நான் வாதாடுகிறேன்.

டிஆர்2 முதல் டிஆர்4 வரை உள்ள நாலு சிலிண்டர் என்ஜின் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் என்ஜின் வம்சம். அதே வம்சம்தான் ஃபெர்கூசன் டிஇ20 டிராக்டரிலும் உழுதது. 1950களில் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி கூட்டிச் சேர்த்து விற்ற அந்த உருண்டையான வேன்கார்டை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள், அதன் ரத்தசொந்தம் ஒன்று இங்கிலாந்தில் ஸ்போர்ட்ஸ் காராக ஓடியது என்று சொன்னால் கண் விரியும். இதன் பெரிய வசதி, சிலிண்டர் லைனர்கள் தனித்தனியாக உருவி எடுக்கக் கூடியவை, அவற்றைச் சுற்றியே தண்ணீர் ஓடும். தேய்ந்துவிட்டால் பிளாக்கைக் கடைசலுக்குக் கொண்டுபோக வேண்டாம், லைனரையும் பிஸ்டனையும் செட்டாக மாற்றிவிடலாம். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைக்கும், மலைப்பாதையில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை.

ராலி வரலாறு என்று பார்த்தாலும் குறைச்சல் இல்லை. வெளிவந்த மறுவருடமே, 1954இல், டிஆர்2 ஆர்ஏசி ராலியை ஜெயித்தது. 1956இல் டிஆர்3க்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள், பெரிய எண்ணிக்கையில் தயாரான பிரிட்டிஷ் கார்களில் அதுதான் முதல். டிஆர்4 1961இல் மிக்கெலோட்டி வரைந்த உடம்போடு வந்தது, கண்ணாடி மேலே ஏறி இறங்கும் கதவு, கொஞ்சம் அகலமான உட்காருமிடம்.

பழைய இரும்பு அண்ணன் சொன்ன துருப் பயமும் டிஆரில் வேறு மாதிரி. தனிச் சேஸ் இருப்பதால் பாடியைத் தூக்கி வைத்துவிட்டு அடியைப் பார்க்க முடியும். துரு வராது என்று சொல்லவில்லை, வந்தால் எங்கே என்று காண முடியும்.

ஹீலி 3000 பற்றியும் ஒரு வார்த்தை. 1960இல் பாட் மோஸ், ஆன் விஸ்டம் என்ற இரண்டு பெண்கள் லியேஜ்-ரோம்-லியேஜ் ராலியில் ஒட்டுமொத்த முதல் பரிசை வாங்கியது அந்த வண்டியில்தான். நாட்கணக்கில் தூக்கமில்லாமல் ஆல்ப்ஸ் மலைகளில் ஓட்டும் போட்டி அது, பெண்கள் பிரிவுக் கோப்பை அல்ல, எல்லா ஆண் ஓட்டுநர்களையும் தாண்டி வந்த முதலிடம். 1961இலும் 1962இலும் ஆல்பைன் ராலியை ஜெயித்த மார்லி சகோதரர்கள் ஓட்டியதும் ஹீலிதான், அவர்கள் சஃபோக் விவசாயிகள். அந்த வண்டி மேல் உயிர் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் சைலன்சர் தரையை உரசும் உயரத்தில் தொங்குகிறது, உள்ளே அடுப்பங்கரைச் சூடு. அந்தப் பணம் இருந்தாலும் கிராமத்துப் பாதைக்கு நான் அதை எடுக்கமாட்டேன்.

மிட்லண்ட்ஸ்வாசி:

இவ்வளவு விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மனைவியோடு போய்ப் பார்த்தோம். ரோல் கேஜ் போட்ட எம்ஜிபியில் அவளுக்கு முதல் வளைவிலேயே முழங்கை கேஜ் குழாயில் இடித்தது, அதோடு அந்த வண்டி பட்டியலிலிருந்து போய்விட்டது. டிஆர்4 அழகுதான், ஆனால் வாங்கினால் கையில் மிச்சம் எதுவும் நிற்காது, ஒரு பிரேக் வேலைக்குக் கூடக் கடன் வாங்க வேண்டும்.

இப்போது 1966 ஜிடி ஒன்று கிடைத்திருக்கிறது. ஜாக்கி போட்டுப் பார்த்தேன் அண்ணா, இடைவெளி மாறவில்லை, சில் வேலை செய்த படங்களும் வரிசையாக இருக்கின்றன. என்ஜின் சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 60 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் நின்றது. ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலை வேகத்தில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உண்டு, சரியாக விழுகிறது. ஆனால் பேட்டரி இணைப்பு பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கிறது; சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் இல்லை, பழைய டைனமோதான். வரைபடக்காரி சொன்ன டிரிப்மீட்டர், கூடுதல் விளக்கு எல்லாம் இதில் மாட்ட முடியுமா? மாட்டினால் ஒரிஜினல் என்ற பெயர் போய்விடுமா?

பழைய இரும்பு:

60 நன்றாக இருக்கிறது. இன்னொன்று மட்டும் பாருங்கள், 1966 கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ (ஓட்டத்தில் கியர் இலகுவாக விழ உதவும் அமைப்பு) இல்லை, அது அப்படித்தான், வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். ஆனால் இரண்டாவது கியர் இறங்கும்போது கரகரவென்றால் அது தேய்மானம், விலையில் குறைக்கக் கேளுங்கள். ஸ்போக் வீல் என்றால் வண்டியைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக் என்று விளையாடினால் ஹப்பின் பல் தேய்ந்திருக்கிறது.

மின்சாரத்துக்கு வருகிறேன். 1967 கடைசி வரை எம்ஜிபியில் இருந்தது பாசிட்டிவ் எர்த், பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. அந்த லூகாஸ் சி40 டைனமோ தருவது அதிகபட்சம் 22 ஆம்பியர், அதுவும் நல்ல சுற்று வேகத்தில்தான். ஹெட்லைட் இரண்டுக்குச் சுமார் 10, கூடுதல் விளக்கு இரண்டுக்கு இன்னொரு 9 அல்லது 10, அதற்கு மேல் வைப்பர், ஹீட்டர் விசிறி, இக்னிஷன், மேப் விளக்கு. மழை பெய்யும் இரவில் சந்தியில் நின்றீர்கள் என்றால் பேட்டரி இறங்கத் தொடங்கிவிடும். இரவு ராலி ஓட்டுவதென்றால் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி ஆல்டர்னேட்டர் போட வேண்டும். பெரிய வேலை இல்லை. ரேடியோ ஏதும் இருந்தால் மாற்றும் முன் கழற்றிவிடுங்கள், முனை மாற்றி மின்சாரம் கொடுத்தால் கருகிவிடும். மாற்றிய பிறகு பானட்டுக்குள் எல்லோரும் பார்க்கும்படி நெகட்டிவ் எர்த் என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அடுத்து கை வைக்கும் மெக்கானிக் பழைய நினைப்பில் பேட்டரியை மாட்டிவிடக் கூடாது.

ஒரிஜினல் கேள்விக்கு என் பதில் இதுதான். வெட்டுவதும் துளைப்பதும் வேண்டாம், போல்ட் போட்டு மாட்டுவது எதுவும் பிரச்சினை இல்லை. டைனமோவை எண்ணெய் துடைத்து, துணியில் சுற்றி, பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள். ரெகுலேட்டர், பழைய சீட், ஸ்டியரிங் எல்லாம் அப்படியே. விளக்குகளைப் பம்பர் போல்ட்டில் பிராக்கெட் வைத்து மாட்டுங்கள், கிரில்லில் ஓட்டை போட வேண்டாம். டிரிப்மீட்டரை டேஷ்போர்டில் திருகாமல் அதற்குக் கீழே தனித் தகட்டில் வையுங்கள். நாளைக்குப் பழைய கார் சேகரிப்பவர் ஒருவர் வாங்க வந்தால் ஒரே வார இறுதியில் தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்குத் திருப்பிவிடலாம். ராலியில் ஓடியதால் மதிப்பு இறங்கிய வண்டியை நான் பார்த்ததில்லை. ஓட்டை போட்டதால் இறங்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் குழாய்களையும் பாருங்கள். 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய பெட்ரோல் குழாயை அது உள்ளுக்குள் கரைத்துவிடும், வெளியே வியர்ப்பது போலக் கசிந்தால் உடனே மாற்றுங்கள். சூப்பர் பெட்ரோல் போடுவது நல்லது, அதில் எத்தனால் குறைவு. வால்வு சீட் ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்றபடி மாற்றப்பட்டதா என்பதையும் கேளுங்கள்.

வரைபடக்காரி:

1966 என்பது இன்னொரு வகையிலும் நல்லது. 1967 டிசம்பர் 31க்குள் தயாரான கார்கள் இங்கே ஹிஸ்டாரிக் ராலியின் முதல் வகையில் வரும். எம்ஜிபிக்கு மான்டே கார்லோ ராலிச் சரித்திரமும் உண்டு, 1964இல் ஜிடி என்ற போட்டிப் பிரிவை ஜெயித்தது அதே மார்லி சகோதரர்கள் ஓட்டிய எம்ஜிபிதான். பிற்காலத்தில் மான்டே கார்லோ ஹிஸ்டாரிக் மீது ஆசை வந்தால் அந்தச் சரித்திரம் கைகொடுக்கும், பழைய மான்டேயில் கலந்துகொண்ட மாடல்களைத்தான் அங்கே எடுப்பார்கள்.

லெஜாக்கை உடனே யோசிக்காதீர்கள். ஏறக்குறைய 1500 மைல், இரவும் பகலும், குளிர்காலம். முதலில் உங்கள் ஊர் மோட்டார் கிளப்பில் சேருங்கள். பன்னிரண்டு கார்களுக்கு மேல் சேர்க்காத சாயங்கால ராலிகளைப் பல கிளப்புகள் நடத்துகின்றன, செலவு மிகக் குறைவு, ஆர்டனன்ஸ் சர்வே 1:50,000 மேப்பில் ஆறு இலக்க எண்ணை வைத்து இடம் குறிக்கப் பழக அதைவிட நல்ல பள்ளி கிடையாது. உங்கள் வீட்டுக் காரிலேயே போகலாம். மனைவிக்கு ஓடும் வண்டியில் மேப் படித்தால் குமட்டுகிறதா என்பதும் முதல் சாயங்காலத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு ஆரம்பத்தில் குமட்டியது, தலையைக் குனியாமல் போர்டை உயர்த்திப் பிடிக்கப் பழகிய பிறகு நின்றுவிட்டது.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது இரண்டு விஷயம். வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் பாலிசி எடுங்கள், இல்லையென்றால் விபத்தில் வெறும் பழைய கார் விலைதான் தருவார்கள். அப்புறம், ராலி நடக்கும் பிரிவுகளுக்கு அந்தப் பாலிசி செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், பல பாலிசிகளில் செல்லாது.

பெருங்களத்தூரான்:

டிஆர் கட்சி தோற்றாலும் நல்ல வண்டிதான் ஜெயித்திருக்கிறது, வாழ்த்துகள்.

பணம் கட்டும் முன் ஒரு வேலை பாக்கி. கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் எம்ஜி தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. சேஸ் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் ஹெரிடேஜ் சர்டிபிகேட் தருவார்கள்: எந்தத் தேதியில் கட்டியது, என்ன நிறம், முதல் என்ஜின் நம்பர் எது, எந்த நாட்டுக்கு அனுப்பியது என்று அதில் வரும். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்து வலப்பக்க ஸ்டியரிங்காக மாற்றிய எம்ஜிபிகள் இங்கே நிறைய உண்டு. ஓட்டுவதற்கு அதில் ஒரு குறையும் இல்லை, பல சமயம் துரு கூடக் குறைவு, ஆனால் பிறந்ததிலிருந்தே இங்கிலாந்து வண்டி என்ற விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

40 வருடம் தாண்டியதால் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை என்று விற்பவர் சொல்வார். சட்டப்படி சரி. இருந்தாலும் உங்கள் செலவிலேயே ஒன்று போட்டுப் பாருங்கள், லிஃப்டில் ஏற்றி இன்னொரு ஜோடிக் கண் பார்க்கும். சர்டிபிகேட் வந்ததும் இங்கே போடுங்கள், என்ன நிறத்தில் பிறந்தது என்று எனக்கும் தெரிய வேண்டும்.